சங்கீதம் நினைவிருக்கிறது, மாத்திரை நினைவில்லை



கூடுவாஞ்சேரியில் வீடு சந்திக்கச் செல்லும்போது, அண்மைக்காலமாகப் பிள்ளைகள் சிலர் என்னிடம் ஒரே முறையீட்டைச் சொல்லுகிறார்கள். "ஐயா, அம்மா 23ஆம் சங்கீதத்தைப் பிழையின்றிச் சொல்லுகிறார்கள். ஆனால் காலை மாத்திரையை இரண்டு முறை விழுங்குகிறார்கள். கரண்டு பில் கட்டினார்களா என்றால் தெரியவில்லை என்கிறார்கள். வேண்டுமென்றே கவனமின்றி இருக்கிறார்களோ?" இக்கேள்விக்குள் மறைந்திருக்கும் குற்றச்சாட்டு என் உள்ளத்தைப் பாரப்படுத்துகிறது.

நமது மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதமே. எனினும் உடல் பயன்படுத்தும் உயிர்வளியில் சுமார் 20 சதவீதம் அதற்கே செல்லுகிறது. அது தனக்கென எரிபொருளைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு நொடியும் இரத்தமே அதைக் கொண்டுவர வேண்டும். அல்சைமர் நோயின் தொடக்கத்தில் எடுக்கப்படும் இரத்த ஓட்டப் படங்களில், காதுகளை ஒட்டிய பகுதிகளிலும் உச்சந்தலைக்குப் பின்புறத்திலும் ஓட்டம் குறைந்திருப்பதை மருத்துவர்கள் காண்கிறார்கள். புதியதை நினைவில் பதிப்பதும், பல படிகளை வரிசையாகச் செய்து முடிப்பதும் இப்பகுதிகளைப் பெரிதும் சார்ந்தவை. அசைவையும் பார்வையையும் ஆளும் பகுதிகளோ அக்காலத்தில் பெரும்பாலும் தப்பியிருக்கின்றன.

ஆகையால்தான் அந்தத் தாயார் நன்றாக நடக்கிறார்கள், சிரித்துப் பேசுகிறார்கள், சிறுவயதில் கற்றதைச் சொல்லுகிறார்கள். பணக்கணக்கு, மருந்து, சமையல், தனிப்பயணம் ஆகியவையே முதலில் தடுமாறுகின்றன. குளிப்பதும் உடுப்பதும் நெடுநாள் நிலைக்கின்றன. இது சோம்பலுமன்று, விசுவாசக் குறைவுமன்று.

2017 முதல் 2020 வரை நாடெங்கும் நடந்த ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினர் மறதிநோயோடு வாழ்கிறார்கள். நம் சபையின் முன்வரிசைகளைப் பார்க்கும்போது இந்த எண் எனக்கு முகங்களாகத் தெரிகிறது.

அன்பானவர்களே, இத்தகைய மாற்றத்தைக் கண்டால் கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைபாடும், வைட்டமின் பி12 குறைவும்கூட மறதியைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பிரித்து வையுங்கள். அடுப்படியிலிருந்து அவர்களை முற்றிலும் விலக்கிவிடாதிருங்கள். அடுப்பை நீங்கள் பார்த்துக்கொண்டு, கீரை ஆய்வதை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். தடுமாறும் ஒரு படியை மாத்திரம் தாங்கினால், மற்றப் படிகளை அவர்களே ஏறுவார்கள்.

பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளை, அவர்கள் கணக்கு சரியாயிருக்கும் நாட்களுக்கு மாத்திரம் கொடுக்கப்பட்டதன்று. தேவன் நம்மை நினைப்பதும் நம்முடைய நினைவாற்றலைச் சார்ந்ததன்று. ஒரே கேள்வியை அவர்கள் ஐந்தாம் முறை கேட்கும்போது, முதல்முறை சொன்ன அதே குரலில் பதில் சொல்லும் பொறுமையைக் கர்த்தர் நமக்கு அருளுவாராக. ஆமென்.