பீட்சாவுக்கு மார்க் போடுவது எப்படி?



போன மாதம் நம் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவன் திண்டிவனத்தில் பீட்சா கடை திறந்து நாலு மாதம் ஆகிறது. "எல்லாரும் கூகுள்ல போய் நம்ம பையன் கடைக்கு அஞ்சு ஸ்டார் போடுங்க. டீச்சரும் போடணும்" என்று ஒருவர் எழுதினார். கீழே கட்டைவிரல் படமாக வந்து குவிந்தது. சென்னையில் இருப்பவர், பெங்களூரில் இருப்பவர், துபாயில் இருப்பவர் என்று கடை வாசலைக்கூட மிதிக்காதவர்கள் எல்லாம் போட்டார்கள். ராத்திரிக்குள் இருபது அஞ்சு ஸ்டார்.

நான் போடவில்லை. "டீச்சருக்கு ஏதாவது கோபமா?" என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். கோபம் ஒன்றும் இல்லை. அவர்களுக்குச் சொல்ல நினைத்த பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

அந்தக் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இன்னொரு பீட்சா கடை இருக்கிறது. முதலாளி வெளியூர்க்காரர். உள்ளே மாவு பிசைந்து பீட்சா சுடுவது யார் தெரியுமா? அதுவும் என் மாணவிதான். இவனுக்கு மூன்று வருடம் பின்னால் படித்தவள். வீட்டுக்காரர் தவறிவிட்டார். இரண்டு பிள்ளைகளை அந்தச் சம்பளத்தில்தான் படிக்க வைக்கிறாள். (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.) அவள் நம் குழுவில் இல்லை, அவளுக்காக ஸ்டார் கேட்கவும் ஆள் இல்லை. சாப்பிடாமல் இந்தக் கடைக்கு நாம் கூட்டிப் போடும் மார்க், அந்தக் கடைக்குப் போக வேண்டிய ஆளைத் திருப்பி விடுகிறது. இரண்டு பேருமே என் வகுப்புப் பிள்ளைகள். 34 வருடத்தில் விடைத்தாளைப் பிரித்துப் பார்க்காமல் நான் யாருக்கும் மார்க் போட்டதில்லை. இப்போது மட்டும் எப்படிப் போடுவது?

அதனால் ஒன்பதாவது படிக்கும் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஊரில் மூன்று கடைகளுக்கும் போனேன். எல்லா இடத்திலும் காசு கொடுத்துத்தான் சாப்பிட்டோம்.

போவதற்கு முன்னால் ஒரு தடை வந்தது. கனடாவில் இருக்கும் என் தங்கை மகன் போனில் சிரித்தான். "பெரியம்மா, ஊர்ல விக்கிறது பீட்சாவே இல்ல. அதுக்குப் போய் மார்க்கா?" என்றான். அவன் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவன். அவன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நேப்பிள்ஸில் 1984-இல் இதற்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்து விதிமுறையே எழுதி வைத்திருக்கிறார்கள். மாவில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறெதுவும் சேரக் கூடாது. மாவு குறைந்தது எட்டு மணி நேரம் புளிக்க வேண்டும். கையால் தட்ட வேண்டும், உருட்டுக்கட்டை ஆகாது. விறகு அடுப்பில் 430 டிகிரிக்கு மேல் சூட்டில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிட வேண்டும். அந்த ஊர்க் கைவேலையை யுனெஸ்கோ 2017-இல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் நான் தங்கை மகனிடம் சொன்னது இதுதான்: "கேள்வித்தாளைப் படிக்காம விடைத்தாளைத் திருத்தக் கூடாதுடா." நம் ஊர்க் கடைக்காரன் நேப்பிள்ஸ் பீட்சா தருகிறேன் என்று போர்டு வைக்கவில்லை. டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளுக்கு 120 ரூபாயில், கரண்டு அடுப்பில், பன்னீரும் ஸ்வீட் கார்னும் போட்டுத் தருகிறான். இந்தத் தடித்த பீட்சா அமெரிக்கா வழியாக வந்தது. 1996-இல் பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் இந்தியாவில் கடை திறந்த பிறகு நம் பிள்ளைகள் நாக்கில் ஒட்டிக்கொண்ட ருசி. அவன் எடுத்துக்கொண்ட கேள்வி அது. அதற்குச் சரியாக விடை எழுதியிருக்கிறானா என்றுதான் பார்க்க வேண்டும். ஆரோவில் பக்கம் விறகு அடுப்பில் இத்தாலி முறையில் சுடும் கடைகள் உண்டு. அங்கே போனால் நேப்பிள்ஸ் அளவுகோலை எடுத்துக்கொண்டு போகலாம், நியாயம்தான்.

எந்தக் கேள்வியாக இருந்தாலும் சிலது கட்டாயப் பகுதி. அதற்கு நான் வைத்த மார்க் பட்டியல்: மாவு 35, வெந்த பதம் 20, சீஸ் 20, சாஸும் மேலே போடும் காய்கறியும் 15, சுத்தமும் நேர்மையும் 10.

மாவுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். இட்லியை எதை வைத்துச் சொல்கிறோம்? சட்னியை வைத்தா? சட்னி தொடாமல் ஒரு விள்ளல் வாயில் போட்டால் மாவு புளித்ததா, உளுந்து சரியா என்று தெரிந்துவிடும். பீட்சாவிலும் அப்படித்தான். சாஸ் படாத ஓரத்தைப் பிய்த்துத் தனியாகச் சாப்பிடுங்கள். நேரம் கொடுத்துப் புளித்த மாவாக இருந்தால் உள்ளே சின்னதும் பெரியதுமாக ஓட்டைகள் இருக்கும், விரலால் அழுத்தினால் எழும்பி வரும், லேசான புளிப்பும் கோதுமை வாசனையும் இருக்கும். அவசரத்துக்கு ஈஸ்டை அள்ளிப் போட்டு ஒரு மணி நேரத்தில் பொங்க வைத்தால் ஈஸ்ட் வாடை அடிக்கும், ஆறினதும் ரப்பர் மாதிரி இழுக்கும். ராத்திரி பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் குளிரில் மெதுவாகப் புளித்து ருசி ஏறும். சில கடைகளில் பாக்கெட்டில் வரும் ரெடிமேட் பேஸை வாங்கி மேலே மட்டும் அலங்காரம் செய்கிறார்கள். ஓரம் அச்சில் வார்த்த மாதிரி சமமாக, பன் மாதிரி ஒரே சீராக இருக்கும். அது குற்றம் இல்லை. ஆனால் அடுத்தவர் எழுதிய விடைக்கு நான் முழு மார்க் தர முடியாது.

வெந்த பதத்துக்கு ஒரே சோதனை: துண்டைத் தூக்கி அடியைப் பாருங்கள். தோசையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி. பொன்னிறமும் அங்கங்கே பழுப்புப் புள்ளியும் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் அடுப்பு காயவில்லை. கடை திறந்ததும் போகும் முதல் பீட்சா பல இடத்தில் இப்படித்தான் வரும். கல் காயாமல் ஊற்றிய முதல் தோசை. நடுப்பகுதி சொதசொதவென்று இருந்தால் காய்கறி அதிகம் என்று அர்த்தம். குடைமிளகாய், வெங்காயம், காளான் எல்லாம் வேகும்போது தண்ணீர் விடும். "நிறைய போட்டுக் குடுங்க" என்று கேட்கும் நமக்கும் அதில் பங்கு உண்டு.

சீஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். மொசரெல்லா என்பது பாலைத் திரித்து, சூடான தண்ணீரில் இழுத்து இழுத்துச் செய்வது. இத்தாலியில் பேர் பெற்ற வகை எருமைப் பாலில் செய்வது. நம் ஊரிலும் எருமைக்குக் குறைவில்லை. ஆனால் சில இடங்களில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெயும் மாவுச்சத்தும் சேர்த்த போலி வகை வருகிறது. அதை விற்பதே தவறு என்று சட்டம் சொல்லவில்லை. சீஸ் என்று பெயர் சொல்லி விற்பதுதான் கூடாது. எண்ணெய் மிதக்கிறதே என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், நல்ல சீஸும் சூட்டில் கொஞ்சம் கசியும். வீட்டில் அயோடின் சொட்டு விட்டால் மாவுச்சத்து இருந்தால் நீலமாகும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல். துருவி வரும் நல்ல சீஸிலும் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் மாவு தூவியிருப்பார்கள். நேரான வழி, "தம்பி, சீஸ் பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுப்பா" என்று கேட்பது. சேர்மானத்தில் தாவர எண்ணெய் என்று இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். மூன்று கடையிலும் கேட்டேன். இரண்டு கடையில் காட்டினார்கள். ஒரு கடையில் "தீந்து போச்சும்மா, டப்பா தூக்கிப் போட்டாச்சு" என்றார்கள். அங்கே மார்க் குறைத்தேன்.

சாஸில் தக்காளியின் புளிப்பு தெரிய வேண்டும். பாட்டில் கெச்சப் போல இனித்தால் பாதி மார்க். செட்டிநாடு மசாலா போடுவதை நான் குறையாக எடுக்கவில்லை. மசாலா மட்டும் தெரிந்து மற்றது ஒன்றும் தெரியாவிட்டால்தான் குறை.

கடைசியாக நேர்மை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் கடையில் தெரியும்படி இருக்க வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து பில்லிலும் அச்சிட வேண்டும். அடுத்தது அளவு. ஒரு கடையில் பெரிய எழுத்தில், "7 இன்ச் இரண்டு 240 ரூபாய்" என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 10 இன்ச் 220 ரூபாய். பேத்தி உடனே, "ரெண்டு வாங்கலாம் ஆயா, ரெண்டு ஏழு பதினாலு!" என்றாள். அங்கேயே டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போடச் சொன்னேன். வட்டத்தின் பரப்பு 22/7 × ஆரம் × ஆரம். ஏழு இன்ச் ஒன்று 38.5 சதுர இன்ச், இரண்டு சேர்ந்தால் 77. பத்து இன்ச் ஒன்று 78.5. இருபது ரூபாய் குறைவாகக் கொடுத்து ஒன்றரை சதுர இன்ச் அதிகம். பக்கத்து மேசைக்காரரும் எட்டிப் பார்த்துத் தன் ஆர்டரை மாற்றிக்கொண்டார்.

சரி, ரிசல்ட். அந்தப் பெண் வேலை செய்யும் கடை 71. மாவில் மட்டும் 30. அவள் கை அப்படி. நம் தம்பி கடை 63. சீஸ் பாக்கெட் காட்டாத கடை 50.

இங்கே எழுதுவதற்கு முன்னால் தம்பியை நேரில் பார்த்துச் சொன்னேன். மார்க் ஷீட்டைக் கையில் கொடுத்தேன். சீஸ் நல்லது, சாஸ் சொந்தமாக அரைத்தது, கடை பளிச்சென்று இருக்கிறது. மாவில் மட்டும் 15. மூன்று மணிக்குப் பிசைந்து ஐந்து மணிக்குச் சுடுகிறான். பேத்தி தட்டில் எல்லா ஓரத்தையும் அப்படியே மிச்சம் வைத்திருந்தாள். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போனை எடுத்துக் காட்டினான். நம் ஆட்கள் போட்ட இருபது அஞ்சு ஸ்டாருக்குக் கீழே, அதை நம்பி வந்த வாடிக்கையாளர்கள் ஏமாந்துபோய் ஒன்றும் இரண்டுமாகப் போட்டிருந்தார்கள். "டீச்சர், இருபது பேர் அஞ்சு ஸ்டார் போட்டாங்க. மாவு சரியில்லன்னு ஒருத்தர்கூட சொல்லல" என்றான். கடன் வாங்கிப் போட்ட கடை பிள்ளைகளே. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். எங்கே சறுக்குகிறது என்று தெரியாமலே நாலு மாதம் ஓட்டியிருக்கிறான்.

ராத்திரி மாவு வைக்க ஃப்ரிட்ஜில் இடம் இல்லை என்பதுதான் அவன் பிரச்சினை. பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று விலைக்கு வந்தது, வாங்கிப் போட்டுவிட்டான். போன சனிக்கிழமை மறுபடி போனோம். அடியில் இன்னும் கொஞ்சம் சிவக்கலாம். ஆனால் பேத்தி தட்டில் ஒரு ஓரம்கூட மிச்சம் இல்லை. அன்றைக்கு நாலு ஸ்டார் போட்டு, என்ன சாப்பிட்டோம், எது நன்றாக இருந்தது, எது குறை என்று நாலு வரி எழுதினேன். அந்தப் பெண் வேலை செய்யும் கடைக்கும் நாலு ஸ்டார்தான். "மாவு பிசைபவர் கைப்பக்குவம் தெரிந்தவர், முதலாளி அவரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும்" என்றும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். சாப்பிடாமல் ஸ்டார் போட்டவர்கள் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். அவனும் அதைத்தான் விரும்புகிறான். ஊருக்கு வரும்போது இரண்டு கடைக்கும் போய்ச் சாப்பிட்டு, உங்களுக்குப் பட்டதை எழுதுங்கள். இன்னொன்று, மழையில் டெலிவரிப் பையன் பத்து நிமிஷம் தாமதமாக வந்தான் என்பதற்காகச் சமைத்தவருக்கு ஒரு ஸ்டார் போடாதீர்கள். அது கணக்குப் பரீட்சைக்குக் கையெழுத்தைப் பார்த்து மார்க் போடுவது மாதிரி.

மே மாத லீவுக்கு வருபவர்கள் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இரண்டு துண்டுக்கு மேல் தொட மாட்டேன். பில்லை மட்டும் நீங்கள் கட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அஞ்சாம் வகுப்பு டீச்சர்