விதைநெல்லைப் போற்றுவோம்

பஞ்ச காலத்திலும் உழவன் விதைநெல்லை உலையில் இடான். அடுத்த போகத்திற்கு அதுவே ஆதாரம் என்பதை அவன் அறிவான். கைத்தொலைபேசிக்கென ஒலியும் படமும் சேர்ந்த ஆக்கங்களைச் செய்ய முற்படும் இளைஞர்களுக்கு இவ்வுண்மையை எடுத்துரைக்க விரும்புகின்றோம். அதனை நாம் ஏட்டிற் படித்து அறிந்தோமல்லோம், பட்டறிந்தோம்.

2005ஆம் ஆண்டில், கடல் கடந்த நாடொன்றிற் பிறந்து வளர்ந்த எம் தமையனார் மகளுக்காக, உயிரெழுத்துப் பன்னிரண்டையும் கற்பிக்கும் சிறு செயலியொன்றை ஆக்க முனைந்தோம். அக்காலத்துச் சிறு கைத்தொலைபேசிகள் பலவற்றின் திரை அகலத்தில் 128 புள்ளியும் உயரத்தில் 128 புள்ளியுமே கொண்டது. ஜாவா மொழியில் எழுதிய செயலி 64 கிலோபைற்றை விஞ்சினால் அவற்றுட் பல அதனை ஏற்கமாட்டா. தமிழ் எழுத்துருவும் அவற்றில் இல்லை. ஆகவே ஒவ்வோர் எழுத்தையும் படமாக வரைந்து சேர்த்தோம். எந்தக் கருவிக்கு எவ்வளவு இடம், எவ்வகை ஒலி பொருந்தும் என்பனவற்றை நோக்கியா நிறுவனம் ‘ஃபோரம் நோக்கியா’ என்னும் பெயரில் ஆக்குநர்களுக்கு அறிவித்து வந்தது. அவ்வறிவிப்புகளை இரவிரவாகப் படித்தோம்.

குரல் எம் அன்னையாருடையது. “இந்த வயதில் எனக்கு அரிவரிப் பாடமா?” என்று சிரித்தவாறே, அம்மா, ஆடு, இலை, ஈட்டி, உரல், ஊசி என அவர் சொல்லச் சொல்லக் கணினியிற் பதிவு செய்தோம். இடையிடையே அவர் பேசிய பேச்சும், எம்மைத் திருத்திய திருத்தமும் உடன் பதிவாயின.

சொல்லுக்கு இரண்டு செக்கனாகப் பன்னிரண்டு சொற்களுக்கு 24 செக்கன் வேண்டும். செக்கனுக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் இறுவட்டின் தரத்தில், ஒற்றைத் தடத்திலேயே அது 2 மெகாபைற்றுக்கு மேற்படும். ஏ.எம்.ஆர். என்னும் முறையிற் சுருக்கினாலோ ஏறத்தாழ 37 கிலோபைற்றில் அடங்கும். அம்முறை செக்கனுக்கு 8,000 மாதிரிகளையே கொள்வது. சுருக்கினோம், செயலி 64 கிலோபைற்றுக்குள் அமைந்தது. கணினியில் இடம் போதாமையால், இனி எதற்கு என எண்ணி, மூலப்பதிவை அழித்துவிட்டோம்.

குழந்தை மகிழ்ந்தாள். 2011இல் அன்னையார் காலமானார். 2014இல் நோக்கியாவின் கைத்தொலைபேசித் தொழில் மைக்ரோசொஃப்ற்றிடம் கைமாறியது. இன்றைய கைத்தொலைபேசிகள் எம் பழைய செயலியை நேரே இயக்கா. 2019இல் தமையனார் மகள் அப்பாச்சியின் குரலைக் கேட்டு எழுதினாள். பழைய கோப்பிலிருந்து ஒலியைப் பிரித்தெடுத்து அனுப்பினோம். வந்த மறுமொழி எம்மைச் சுட்டது: “சித்தப்பா, அப்பாச்சி ‘ஊசி’ என்று சொல்லும்பொழுது நடுவில் ஏதோ விடுபடுகிறதே?”

அவள் சொன்னது மெய்யே. செக்கனுக்கு 8,000 மாதிரிகளில் 4,000 ஹேர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வு எதுவும் தங்காது. ஊசியில் வரும் சீறொலியின் வலிமையோ பெரும்பாலும் அதற்கு மேலேதான் உள்ளது. இல்லாத ஒலியை ஊகித்து நிரப்பும் கருவிகள் இன்று உள. ஆயினும் அவை தருவது ஊகமே, அன்னையாரின் குரலன்று.

இன்று திரைகள் பெரிதாயின; தமிழும் தானே தோன்றுகின்றது. எனினும் சுருக்கும் தேவை ஒழியவில்லை. அதற்கு 2012இல் தரமாக்கப்பட்ட ஓப்பஸ் ஒலிமுறை உண்டு. 2000ஆம் ஆண்டில் தோன்றிய எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருளும் உண்டு. மாணவர் இவற்றைக் கற்றுக்கொள்வாராக. ஆனால் வடிவங்கள் நிலையானவை அல்ல. ஒருகாலத்தில் எங்கும் பரவியிருந்த ஃபிளாஷிற்கான ஆதரவு 2020 டிசெம்பர் 31உடன் நின்றுபோயிற்று. ஆதலின், சுருக்கிய படியை ஊருக்கு வழங்குக. மூலத்தை ஒலியிழப்பில்லாத வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் இரண்டு இடங்களில் வைத்துப் பேணுக. மூலம் இருப்பின் நாளைய கருவிக்கு ஏற்ற புதிய படியை எடுக்கலாம். படியிலிருந்து மூலத்தை மீட்க எவராலும் இயலாது.

எம்மிடம் எஞ்சியது 24 செக்கன் ஒலியே. அன்னையாரின் அந்தச் சிரிப்பு அதில் இல்லை. விதைநெல்லைக் குத்தி உண்டுவிட்டோம். உங்கள் இல்லத்து முதியோரை இன்றே பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதில் ஒரு சொல்லையும் அழித்துவிடாதீர்கள்.