கொதிக்கிற காரும் குக்கரும்

ஆவி அடங்குவதற்குள் குக்கர் மூடியைத் திறப்போமா? மாட்டோம், இல்லையா? கார் ரேடியேட்டரும் அப்படித்தான். உள்ளே இருக்கும் அழுத்தத்தால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் போச்சு, குபீரென்று முகத்தில் பீச்சியடிக்கும்!

போன சித்திரையில் மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போனோம். பனகல் பார்க் சிக்னலில் நின்றதும் டெம்பரேச்சர் முள் மளமளவென்று ஏறியது. பின் சீட்டில் கைக்குழந்தையுடன் என் மகள். காரை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, முதலில் அவர்களை நிழலில் உட்கார வைத்தோம். உதவ வந்த ஒரு பையன் ஈரத்துணியோடு மூடியில் கை வைக்கப் போனான். "ஐயோ, வேண்டாம்ப்பா! நல்லா ஆறட்டும்" என்று தடுத்தேன்.

காத்திருந்தபோது யோசித்தேன். ஓடும்போது முள் ஒழுங்காகத்தான் இருந்தது, நின்றால்தான் ஏறுகிறது. ஓடும் காருக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கிற காருக்கு விசிறிதான் காற்றுத் தர வேண்டும். மெக்கானிக் வந்ததும், "முதல்ல ஃபேனைப் பாருங்க" என்றேன். ஃபேன் ஃபியூஸ் போயிருந்தது!

ஓடும்போதே சூடேறினால் சந்தேகம் வேறு: கூலன்ட் குறைவு, ஒழுகல், ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப்.

2003 மே 31-ல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. கோடையில் தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே, கூலன்ட் டப்பாவில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே அளவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பால் பொங்குவதற்குள் முடிகிற வேலைதான்!