கூந்தன்குளத்தில் பங்குனி மாதம்



போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு கூந்தன்குளம் போயிருந்தேன். நெல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான், நாங்குநேரிப் பக்கம். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற செய்தி 2022-ல் வந்தது.

கரையில் நின்றதும் பேத்தி, "தாத்தா, இதெல்லாம் சைபீரியாவிலிருந்து வந்ததா?" என்றாள். பெரியவர்களிலும் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மரத்தில் கூடு கட்டியிருக்கும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நம் நாட்டுப் பறவைகள். குளத்தில் தண்ணீரும் மீனும் இருக்கிற காலம் பார்த்து இங்கே குஞ்சு பொரிக்க வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வருபவை இங்கே கூடு கட்டுவதில்லை. குளிருக்கு ஒதுங்கி, இரை தின்று, வெயில் ஏறும்போது வடக்கே கிளம்பிவிடும்.

பட்டைத்தலை வாத்து அப்படிப்பட்டது. வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். லடாக், திபெத், மங்கோலியா பக்கம்தான் அதற்குத் தாய்வீடு. இமயமலையைத் தாண்டும்போது 7,000 மீட்டருக்கு மேலேகூடப் பறந்ததை ஆய்வாளர்கள் கருவி பொருத்திக் கண்டறிந்திருக்கிறார்கள். காற்று மெலிந்த அந்த உயரத்திலும் அதன் இரத்தம் ஆக்சிஜனை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் போனபோது ஒன்றுகூட இல்லை, கிளம்பிவிட்டன. சத்திமுத்தப் புலவர் பாட்டு நடத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். குமரித்துறையில் ஆடிவிட்டு வடக்கே திரும்பும் நாரையிடம்தானே அவர் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்பினார்!

விருந்தாளிகள் போன பிறகு நம் பறவைகளுக்குத்தான் சோதனைக் காலம். குஞ்சுகள் பறக்கப் பழக இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதற்குள் குளம் வற்றிவிட்டால் இரை கிடைக்காது. உச்சிவெயிலில் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுப்பதைப் பேத்தி கண்கொட்டாமல் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு தம்பி ட்ரோனைப் பறக்கவிட்டார். சத்தம் கேட்டதும் மரத்திலிருந்த பெரிய பறவைகள் எல்லாம் எழும்பிவிட்டன. சிறகு முளைக்காத குஞ்சுகள் வெறும் வெயிலில் கிடந்தன. காக்கைகள் வட்டமிட்டன. "தம்பி, கீழே இறக்குப்பா, அதுக பச்சப்புள்ளைக" என்றேன். நல்ல பிள்ளை, உடனே இறக்கிவிட்டார். தெரியாமல் செய்ததுதான். தாய்கள் திரும்பி வந்து உட்காரும்வரை எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த ஊர்க்காரர்களை நினைத்துப் பாருங்கள். வீட்டு வேம்பிலும் புளியிலும் நாரை கூடு கட்டும். எச்சமும் மீன் நாற்றமும் முற்றத்துக்கே வரும். ஒருவரும் விரட்டுவதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். சட்டம் வருவதற்கு முன்பே அவர்களாகக் காத்த குளம் இது.

விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். காலை 6 மணிக்கே போனால் நல்லது. ஹாரன் அடிக்காதீர்கள். படத்துக்காகக் கூட்டுக்கு அடியில் போகாதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் வனத்துறை ஊழியரிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்க் குளத்தில் இப்போது என்ன பறவை இருக்கிறது? கீழே எழுதுங்கள். பேத்திக்கு வாசித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
உங்கள் சார்