எட்டயபுரத்தில் ஒரு நண்பகல்

சென்ற கோடை விடுமுறையில் தமக்கையார் இல்லத்திற்குச் செல்லத் தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு எங்கள் பழைய வேனில் புறப்பட்டோம். ஏறத்தாழ 140 கிலோமீட்டர்ப் பயணம். வேனுக்கு வயது 16, அன்னையாருக்கு 78. விடியற்காலையில் கிளம்பியிருக்க வேண்டியவர்கள் பதினொரு மணிக்குக் கிளம்பினோம். 'ஏ.சி.தான் இருக்கிறதே' என்ற துணிவு!

நாற்கரச் சாலையின் இருமருங்கிலும் கரிசல் மண் வெடித்துக் கிடந்தது. ஒதுங்க நிழலில்லை; தொலைவில் சீமைக்கருவேல மரங்கள் மட்டுமே தென்பட்டன. குறுக்குச்சாலையைக் கடந்த சிறிது நேரத்தில் குளிர்காற்று வெதுவெதுப்பாகி, பின் முற்றிலும் சூடாயிற்று. நடு இருக்கையின் சன்னல்கள் பாதியளவே திறப்பவை. திறந்தோம், அனல்தான் உள்ளே வந்தது. எப்படியும் மதுரையை எட்டிவிடலாம் என்று வண்டியை விரைவுபடுத்தினோம்.

"ஐயா, கண்ணை இருட்டுது. எங்கேயாவது நிழல்ல நிறுத்துய்யா" என்றார் அன்னையார்.

அதற்குமேல் ஓட்ட மனம் துணியவில்லை. எட்டயபுரம் ஊருக்குள் திருப்பி, ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். எதிர்வீட்டு அம்மையார் கேளாமலே பாயும், பனையோலை விசிறியும், ஒரு செம்பு நீரும் கொணர்ந்தார். துண்டை நனைத்து அன்னையாரின் கழுத்திலும் கைகளிலும் சுற்றி விசிறினோம். காற்று உடலைவிடச் சூடாயிருக்கையில் அது மட்டும் குளிர்ச்சி தராது. ஈரம் உலரும்போதுதான் உடல் தணிகிறது. அரைமணி நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. எங்களுக்கும் உயிர் வந்தது.

ஊரிலிருந்த மெக்கானிக் முன்புறத்தைத் திறந்து பார்த்தார். வாயுவின் சூட்டை வெளியேற்றும் மின்விசிறி சுழலவில்லை. அதனால் உள்ளே அழுத்தம் மிகுந்து, பழைய குழாயின் இணைப்பில் வாயு கசிந்துவிட்டது. இணைப்பைச் சுற்றிப் படிந்திருந்த எண்ணெய்க் கறையே அதற்குச் சான்று. "கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போறதில்லைங்க. குறைஞ்சா ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுகலை அடைக்காம நிரப்பினா காசுதான் வீண்" என்றார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. இரண்டு வாரங்களாகவே, வண்டி ஓடும்போது குளிர்ந்த காற்று, சிக்னலில் நின்றால் சூடாக வந்துகொண்டிருந்தது. ஓடும்போது எதிர்க்காற்று விசிறியின் வேலையைச் செய்தது. நின்றதும் குறை வெளிப்பட்டது. கண்டும் காணாமல் இருந்துவிட்டோம்.

வெயில் தணிந்த பின் பாரதி மணிமண்டபத்தைப் பார்த்தோம். கல்கியின் முயற்சியால் மக்கள் நன்கொடையில் எழுந்து, 1947-இல் திறக்கப்பட்டது. "எத்தனை வருஷமா இந்த வழியாப் போறோம்! இன்னிக்குத்தான் ஊருக்குள்ள வந்திருக்கேன்" என்று அன்னையார் மகிழ்ந்தார். விடைபெறும்போது அந்த அம்மையாரின் கைகளைப் பற்றிக்கொண்டு அவர் வெகுநேரம் விடவில்லை.

மாலை ஐந்து மணிக்குமேல் புறப்பட்டு, இரவு மதுரை சேர்ந்தோம். விருந்து ஆறியிருந்தது, அன்னையார் நலமாக இருந்தார். திரும்பும் பயணம் விடியற்காலை நான்கரை மணிக்கு. மடியில் நனைத்த துண்டு, கையில் பனையோலை விசிறி.