ஊமைப் பெட்டி

பழைய வானொலிப் பெட்டிக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. தனக்கு நேர்ந்த சங்கடத்தை அது வாய்விட்டுச் சொல்லிவிடும். 1939-ல் திருச்சி நிலையம் தொடங்கிய பிறகு மதுரையில் அதைக் கேட்டவர்களுக்கு, இடி இடித்தால் பெட்டியும் கரகரக்கும் என்பது தெரியும். பாட்டுத் தேயுமே தவிர, அடியோடு போய்விடாது. சற்றே திருகினால் திரும்பி வரும்.

இன்றைய கம்பியில்லா ஸ்பீக்கருக்கு அந்தக் குணம் கிடையாது. இணையத்திலிருந்து பாட்டைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பெற்று, சில விநாடிகளுக்கு வேண்டியதைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு பாடுகிறது. கையிருப்புத் தீரும்வரை குறையே தெரியாது. தீர்ந்தால் ஒரே நிசப்தம்.

மாசி வீதிப் பக்கம் என் பெரியம்மா வீட்டில் இதுதான் நடந்தது. எம். எஸ். சுப்புலட்சுமி 1916-ல் பிறந்த ஊரல்லவா? அவர் பாட்டில்லாமல் பெரியம்மாவுக்கு விளக்கேற்றும் வேளை நிறையாது. பாட்டு நின்றபோதெல்லாம், "நான்தான் எதையோ தொட்டுக் கெடுத்துப்புட்டேன்ப்பா" என்பாள். கடைசியில் அந்தப் பெட்டியின் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். பேரனின் கைப்பேசியிலோ, 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்று ஓர் அறிவிப்பு. யாருடைய தவறு என்று சொல்ல வேண்டாமோ?

தவறு சுவருடையது! ரூட்டர் வாசல் அறையில். ஸ்பீக்கர் பூஜை அறையில். நடுவே கனத்த காரைச் சுவர்கள் இரண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம். ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சற்று மெதுவானாலும் சுவரைத் தாண்டிவிடும். ஸ்பீக்கரை அந்த அலைக்கு மாற்றி, ரூட்டரைக் கூடத்து அலமாரியின் மேல் ஏற்றினோம். பாட்டு வந்துவிட்டது. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறுகிறது. அதுவும் அதே அலையின் பங்காளி.

உங்கள் வீட்டிலும் பாட்டு நின்றால், கைப்பேசியில் அதே வை-ஃபை மூலம் அந்தப் பாட்டு வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் இணைப்பில் குறை. வந்தால், ஸ்பீக்கரை ரூட்டர் அருகே கொண்டுபோங்கள். அங்கே பாடினால் சுவர்தான் குற்றவாளி. அங்கும் பாடாவிட்டால், குறை கடல் கடந்தும் இருக்கலாம். 2025 மார்ச்சில் க்ரோம்காஸ்ட் ஆடியோ என்ற கருவிகள் உலகெங்கும் திடீரென்று முரண்டு பிடித்தன. அவற்றுக்குள் இருந்த பத்தாண்டுச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதே காரணம். அதற்கு வீட்டுக்காரர் என்ன செய்வார்?

ஆகவே, ரூட்டரைத் தொடுவதற்கு முன்பே வீட்டுப் பெரியவர்களிடம், "நீங்கள் ஒன்றும் கெடுக்கவில்லை" என்று சொல்லிவிடுங்கள். பெட்டியைச் சரிசெய்ய எங்களுக்கு அரைமணி போதுமாயிருந்தது. பெரியம்மா அதை மறுபடி தன் கையால் தொடுவதற்குப் பத்து நாள் ஆயிற்று.