சுவரில் கை படும் இடம்

முழுப் பரீட்சை முடிந்ததும் சாலிகிராமத்தில் இருந்த மாமா வீட்டுக்கு வந்துவிடுவேன். அம்மாவின் தம்பி; சினிமா செட்டுகளில் பெயிண்டர். ஷூட்டிங் நடக்கும்போது சின்னப் பையனை உள்ளே விடமாட்டார்கள். செட் போடும் நாட்களில்தான் மாமா கூட்டிப்போவார். அதனால் நான் முதலில் பார்த்த சினிமாவில் நடிகர்களே கிடையாது. தச்சர்களும் மோல்டிங் ஆட்களும் பெயிண்டர்களும்தான்.

ஸ்டுடியோ ஃப்ளோருக்குள் கால் வைத்ததும் வஜ்ஜிரம் காய்ச்சும் வாடை மூக்கில் ஏறும். ஒரு பக்கம் ரீப்பரில் சட்டம் அடித்து அதன்மேல் பிளைவுட்டை அறைந்துகொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம், களிமண்ணில் செதுக்கிய யாளி முகத்துக்கு அச்செடுத்து, தேங்காய் நாரைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் முக்கி முக்கி அந்த அச்சுக்குள் அப்புவார்கள். காய்ந்தபின் பெயர்த்தெடுத்து வண்ணம் ஏற்றினால் கருங்கல் யாளி! அதை ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதை வாய் பிளந்து பார்ப்பேன்.

மற்ற எல்லாம் முடிந்த பிறகுதான் மாமாவின் வேலை தொடங்கும். புதுச் சுவரைப் பழசாக்க வேண்டும். அன்றைக்கு ஒரு கிராமத்து வீடு. சுவரெல்லாம் வெள்ளையாக, காய்ந்தும் காயாமலும் நின்றது. மாமா பிரஷ்ஷைத் தொடவே இல்லை.

"மாப்ளே, இதுதான் உன் வீடுன்னு வச்சுக்க. பள்ளிக்கூடம் விட்டு வர்றே. எப்படி வருவே? வந்து காட்டு."

ஓடிவந்தேன். திரும்புகிற வேகத்தில் நிலைப்படியைக் கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"நில்லு. கையை எடுக்காதே."

என் உள்ளங்கை பட்ட இடத்தில், பழந்துணியில் தொட்ட பழுப்புப் பொடியை மெல்லத் தேய்த்தார். "தாத்தா எங்கே சாஞ்சு உக்காருவாரு?" என்று கேட்டார். திண்ணைச் சுவரைக் காட்டினேன். அங்கே தலை உயரத்தில் எண்ணெய்க் கறை வந்தது. மாடத்தில் நிஜமாகவே விளக்கேற்றிப் புகை பிடிக்க விட்டார். சுவரின் அடியில் மழைத்தண்ணீர் தெறித்த செம்மண். ஓர் ஆணிக்குக் கீழே மட்டும் சதுரமாக ஓரிடத்தை அழுக்காக்காமல் விட்டுவிட்டார். ஏன் மாமா என்றேன். "காலண்டர் தொங்கின இடம்டா. இப்பதான் யாரோ கழட்டியிருக்காங்க." அந்த வீட்டில் யாரோ வாழ்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

கலை இயக்குநராக நான் கற்ற எல்லாமே அந்த ஒரு நாளின் விரிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

1987 தீபாவளிக்கு 'நாயகன்' படம் வந்தது. மாமாவோடு போய்ப் பார்த்தேன். படத்தில் வரும் தாராவியில் பெரும்பகுதி சென்னையில் வீனஸ் ஸ்டுடியோவில் கலை இயக்குநர் தோட்டா தரணி போட்ட செட் என்று அவர் சொன்னபோது நம்ப முடியவில்லை. மறுபடியும் போனோம். இந்த முறை கமலைப் பார்க்கவிடாமல் சந்துகளையும் தகரத்தையும் காட்டிக்கொண்டே வந்தார். அந்த வேலைக்குத் தேசிய விருது கிடைத்த செய்தி வந்தபோது, தனக்கே கிடைத்ததுபோல் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பிறகு எழும்பூர் பக்கம் கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். 1850இல் பள்ளியாகத் தொடங்கியது அது. பூம்புகாரிலிருந்து வந்த கலை இயக்குநர் பி. கிருஷ்ணமூர்த்தியும் அங்கே படித்தவர்தான். 2000இல் வந்த 'பாரதி' படத்துக்காகக் கலை இயக்கம், ஆடை வடிவமைப்பு இரண்டுக்கும் அவர் தேசிய விருது வாங்கினார். அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சுவரும் அதில் சாய்ந்திருப்பவரின் வேட்டியும் சேர்ந்தல்லவா பழசாக வேண்டும்!

உதவியாளராக அலைந்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆழாக்குச் சம்பளம், இரவு வேலை, விடிந்தால் ஷூட்டிங். கேமரா உள்ளே வர எந்தச் சுவரைக் கழற்றி மாட்டும்படி அடிக்க வேண்டும், எந்த லென்ஸில் எவ்வளவு தெரியும், தெரியாத இடத்தில் எவ்வளவு பணம் மிச்சம் பிடிக்கலாம் என்பதெல்லாம் அப்போதுதான் கைக்கு வந்தது. இப்போது என்னிடம் சேரும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலே போட்டுக் கொண்டுவருகிறார்கள். பிரமாதமாக இருக்கிறது. ஆனாலும் டேப்பைக் கொடுத்து ஏதாவது ஒரு பழைய வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். படி உயரத்தை அளந்துவிட்டு, அந்த வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்றும் கேட்டு வரவேண்டும்.

மாமா வேலை பார்த்த படங்கள் எதிலும் டைட்டிலில் அவர் பெயர் வந்ததில்லை. 'கலை' என்று ஒரு பெயர் வரும், அவர் கைதட்டுவார். எனக்கென்று படம் வந்ததிலிருந்து தச்சர், மோல்டிங், பெயிண்டர், எலக்ட்ரீஷியன், ஆணி பொறுக்கும் பையன் வரை எல்லார் பெயரையும் எழுதிக் கொடுக்கிறேன். நீளம் கூடுகிறது, பாதியை எடுத்துவிடலாமா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.